பறக்கும் பறவைக்கு லென்ஸின் நிலைப்படுத்தி: எப்போது போடுவது, எப்போது அணைப்பது

கிளையில் அசையாமல் அமர்ந்திருக்கும் மீன்கொத்தியை 500 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தபடி எடுக்கும்போது, லென்ஸின் பக்கவாட்டில் உள்ள நிலைப்படுத்தி விசையைப் போட்டுவிட்டால் போதும். அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. அதே மீன்கொத்தி கிளையை விட்டுப் பாய்ந்த கணத்தில் நிலைமை தலைகீழாகிறது. பறவையைத் தொடர்வதற்காக நாம் காமிராவை வேண்டுமென்றே விரைவாகத் திருப்புகிறோம். லென்ஸுக்குள் இருக்கும் கருவியோ, காமிரா அசைந்தாலும் பிம்பம் நகரக் கூடாது என்பதற்காகவே உருவாக்கப்பட்டது. இவை ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். போட்டு வை என்பவரும் அணைத்து வை என்பவரும் அவரவர் எடுத்த சூழலை வைத்துச் சரியாகத்தான் சொல்கிறார்கள். எந்தச் சூழலுக்கு எது பொருந்தும் என்று பிரித்தறியும் வழியையே இங்கே எழுதுகிறேன்.

கருவி எதை அறியும், எதை அறியாது

கேனான் இந்த நிலைப்படுத்தியை ஐ.எஸ். என்கிறது, நிக்கான் வி.ஆர். என்றும், சோனி ஓ.எஸ்.எஸ். என்றும், சிக்மா ஓ.எஸ். என்றும், டாம்ரான் வி.சி. என்றும் அழைக்கின்றன. எஸ்.எல்.ஆர். (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள) காமிராக்களில் மாற்றிப் பொருத்தும் லென்ஸ்களில் இந்த வசதி முதலில் வந்தது 1995-இல், கேனானின் 75–300 மி.மீ. லென்ஸில். பெயர்கள் வேறானாலும் அடிப்படை ஒன்றுதான். லென்ஸ் மேலும் கீழுமாகவோ இடமும் வலமுமாகவோ எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதைக் கைரோ உணரிகள் அளக்கின்றன. அந்த அளவுக்கு ஏற்ப, உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடித் தொகுதி மின்காந்த விசையால் எதிர்ப்புறமாக நகர்த்தப்படுகிறது. அதனால் சென்சாரின் மேல் விழும் பிம்பம் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

600 மி.மீ. லென்ஸ் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு திரும்பினாலே சென்சாரின் மேல் பிம்பம் ஏறத்தாழ 1 மி.மீ. நகர்ந்துவிடும். ஒரு பிக்சல் 4 மைக்ரான் அகலம் என்று கொண்டால், அது 250 பிக்சல் தூரம். நல்ல உடல்நலமுள்ள கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை நிகழும் இயல்பான நடுக்கம் உண்டு. அந்த நடுக்கத்தை அடக்குவதில் இந்தக் கருவிக்கு இணையில்லை. பெட்டியில் 4 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக்கும் ஒரு படி) என்று போட்டிருந்தால், கைநடுக்கத்தைப் பொறுத்த வரையில் 1/500 நொடியில் கிடைக்கும் தெளிவை 1/30 நொடியிலும் எதிர்பார்க்கலாம் என்று பொருள். ஆனால் அந்த எண் அசையாத பொருளை வைத்து அளக்கப்பட்டது. பறக்கும் பறவைக்காக லென்ஸ் வாங்குபவர்கள் 4 ஸ்டாப்புக்கும் 5 ஸ்டாப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து விலை கொடுப்பது என் பார்வையில் வீண்செலவு.

காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 30 மீட்டர் தொலைவில், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், நமக்குக் குறுக்காக ஒரு பறவை பறக்கிறது. கையில் 500 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. காமிராவை அசைக்காமல் வைத்திருந்தால் சென்சாரின் மேல் அந்தப் பறவையின் பிம்பம் நொடிக்கு 167 மி.மீ. வேகத்தில் ஓடும், 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்டக சென்சாரை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில்கூட அது 20 பிக்சல் அளவுக்கு இழுபடும். பறவையோடு சேர்ந்து காமிராவைத் திருப்பி, வேகத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே பிசகினால் அந்த இழுப்பு 2 பிக்சலாகக் குறைந்துவிடும். இந்தக் குறைவைத் தந்தது நம் இடுப்பும் தோளும்தான். நிலைப்படுத்திக்கு அதில் பங்கில்லை. உடல் நேர்கோட்டில் செல்லும்போதே இறக்கை நுனி, உடலைவிட நொடிக்கு 5 மீட்டர் கூடுதலாக அசைந்தால், அதே 1/2000 நொடியில் அது 10 பிக்சல் கலங்கும். இதற்கு நிலைப்படுத்தியால் எந்த உதவியும் இல்லை. அதைக் குறைக்க ஷட்டர் வேகத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. கருவிக்குத் தெரிவது நம் கை மட்டுமே. பறவை இருப்பதே அதற்குத் தெரியாது.

அப்படியானால் அதை ஏன் போட வேண்டும்

உயர்ந்த ஷட்டர் வேகத்தில் நிலைப்படுத்தியால் படத்தின் கூர்மைக்குப் பெரிய ஆதாயம் இல்லை என்பது உண்மை. கைநடுக்கத்துக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விதி, குவியத் தூரத்தின் தலைகீழ்: 500 மி.மீ. லென்ஸுக்கு 1/500 நொடி. சிறு சென்சார் உள்ள காமிராவில் 1/750 என்று வைத்துக்கொள்ளலாம். 1/2000-க்கு மேல் போகும்போது நடுக்கம் ஏற்கெனவே அடங்கிவிட்டது. கேனானின் 400 மி.மீ. எஃப்/5.6 லென்ஸில் நிலைப்படுத்தியே கிடையாது. 1993-இல் வந்த அந்த லென்ஸால் பறக்கும் பறவைகளை எடுத்துக் குவித்தவர்கள் ஏராளம். எடை குறைவு, ஃபோகஸ் விரைவு என்பவையே அதற்குப் போதுமான தகுதிகளாக இருந்தன.

ஆனால் படத்தைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. அது நாம் வியூஃபைண்டரில் காணும் காட்சி. 600 மி.மீ. லென்ஸ் வழியாக வெறும் வானத்தில் ஒரு தகைவிலானைத் தேடிப் பார்த்தவர்களுக்கு, பறவை கண்ணில் பட்ட பிறகும் காட்சி துள்ளிக்கொண்டே இருப்பதால் அதை ஃபோகஸ் புள்ளிக்குள் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது தெரியும். நிலைப்படுத்தி ஓடும்போது அந்தத் துள்ளல் அடங்குகிறது. புள்ளி பறவையின் கழுத்திலிருந்து வாலுக்கும், வாலிலிருந்து பின்னால் உள்ள மரத்துக்கும் தாவாமல் கண்ணருகே நிற்கிறது; தானியங்கி ஃபோகஸுக்கும் வேலை எளிதாகிறது. அதனால், பறக்கும் பறவையை எடுக்கும்போது நிலைப்படுத்தியை முதன்மையாக நம் கண்ணுக்கான துணையாகவே கருத வேண்டும். இப்படிக் கருதத் தொடங்கிய பிறகுதான் எனக்கு நிலைப்படுத்தியின் எந்த மோடை, அதாவது எந்த இயங்கும் முறையை, எப்போது தேர்வது என்பது பிடிபட்டது.

அது எங்கே குறுக்கே நிற்கிறது

சில ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த ஒரு கொக்கு வரிசையை இன்னும் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு படங்கள். கொக்கு நீர்மட்டத்தை ஒட்டி ஒரே சீரான வேகத்தில் செல்கிறது. நானும் சீராகத்தான் திருப்பினேன். முதல் படத்தில் கொக்கு நடுவில் இருக்கிறது. இரண்டாவதில் இடது ஓரத்துக்குப் போய் அலகு நுனி வெட்டுப்படுகிறது. மூன்றாவதில் மீண்டும் நடுவுக்கு வருகிறது. நான்காவதில் சற்று மேலே ஏறுகிறது. கை தவறிவிட்டது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் நிலைப்படுத்தி சாதாரண மோடில் இருந்தது. அந்த மோடில் சில லென்ஸ்கள், ஒவ்வொரு படத்துக்கும் முன் கண்ணாடித் தொகுதியை நடுநிலைக்குக் கொண்டுவந்து, இரு பக்கமும் நகர இடம் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகின்றன. அமர்ந்திருக்கும் பறவைக்கு அது நல்ல ஏற்பாடு. தொடர்படம் எடுக்கும்போதோ, நாம் வியூஃபைண்டரில் கண்டதும் சென்சாரில் பதிந்ததும் ஒவ்வொரு முறையும் சிறிது விலகுகின்றன; அந்த விலகலைச் சரிசெய்வதாக எண்ணி நாமும் கையை இழுக்கிறோம்; பிழை இரட்டிப்பாகிறது.

இரண்டாவது தடை தொடக்க நேரம். ஷட்டர் பொத்தானை அரைவாசி அழுத்தியதும் கருவி ஓடத் தொடங்கி, நிலைகொள்வதற்கு அரை நொடி முதல் ஒரு நொடி வரை பிடிக்கலாம். அந்த இடைவெளியில் முழுவதுமாக அழுத்திவிட்டால், கருவி நிலைகொள்ளும் முன்பே படம் பதிவாகி, அணைத்து வைத்திருந்தால் கிடைத்திருக்கும் படத்தைவிடக் கலங்கலாக வரக்கூடும். திடீரென்று தலைக்கு மேல் பாய்ந்து வரும் பறவையை லென்ஸைத் தூக்கிய வேகத்திலேயே எடுப்பவர்கள், நிலைப்படுத்தியை அணைத்து வைப்பதே நல்லது.

பின்பக்கப் பொத்தானால் ஃபோகஸ் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களில் பின்பக்கத்தில் உள்ள ஏ.எஃப்.-ஆன் பொத்தானை அழுத்தினால் ஃபோகஸ் மட்டுமே வேலை செய்யும், வி.ஆர். ஓட வேண்டுமானால் ஷட்டர் பொத்தானையும் அரைவாசி அழுத்தியிருக்க வேண்டும். கட்டைவிரலை மட்டும் அழுத்திப் பறவையைத் தொடர்ந்துவிட்டு, கடைசி நொடியில் சுட்டுவிரலை முழுவதுமாக அழுத்துபவருக்கு, நிலைப்படுத்தி ஒவ்வொரு முறையும் தொடக்க நிலையிலேயே இருக்கும். பறவை கண்ணில் பட்டதுமே சுட்டுவிரலை ஷட்டர் பொத்தானில் அரைவாசி அழுத்தி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டால் இந்தக் குறை மறைந்துவிடும்.

மூன்றாவது தடை, முதலில் சொன்ன இழுபறி. மேலே கணக்கிட்ட அதே பறவையைத் தொடர காமிரா நொடிக்கு ஏறத்தாழ 19 பாகை திரும்ப வேண்டும். திருப்பத் தொடங்கும் கணத்தில், இது நடுக்கமா, வேண்டுமென்றே செய்யும் திருப்பமா என்று கருவிக்கு உடனே தெரிவதில்லை. முதலில் எதிர்க்கிறது, பிறகு விட்டுக்கொடுக்கிறது. அந்த ஒரு கணத்தில் காட்சி ஒட்டிக்கொண்டது போல நின்று, சட்டென்று தாவும். ஆகவே முதலில் லென்ஸைப் பறவையோடு சேர்த்து ஓடவிட்டு, திருப்பம் சீரான பிறகு பொத்தானை அரைவாசி அழுத்துவதே முறை. இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், முழங்கைகள் விலாவை ஒட்டி, பாதங்கள் பறவை போய்ச் சேரவிருக்கும் திசையை நோக்கி இருக்கட்டும். இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். கை மட்டும் திரும்பினால் திருப்பம் வெட்டி வெட்டி வரும். வெட்டி வரும் திருப்பத்தை எந்த மோடும் சரியாகப் புரிந்துகொள்வதில்லை.

எந்த மோடு

கேனான், சோனி லென்ஸ்கள் பலவற்றில் 1, 2, 3 என்று மூன்று மோடுகள் உள்ளன. மோடு 1 எல்லாத் திசை அசைவையும் எதிர்க்கும். மோடு 2 நாம் திருப்பும் திசையை விட்டுவிட்டு, அதற்குச் செங்குத்தான அசைவை மட்டும் எதிர்க்கும். இடமிருந்து வலமாகத் திருப்பினால் மேல்-கீழ் நடுக்கம் மட்டும் அடக்கப்படும். மோடு 3, ஒழுங்கில்லாமல் திசை மாறும் பொருள்களுக்கானது. கேனானில் இந்த மோடு, பொத்தானை அரைவாசி அழுத்தியதும் கணக்கிடத் தொடங்கினாலும் படம் பதிவாகும் நேரத்தில் மட்டுமே கண்ணாடித் தொகுதியை நகர்த்தும்; அதனால் வியூஃபைண்டர் காட்சி இழுபடாது, அடங்கவும் அடங்காது. டாம்ரானின் 150–600 மி.மீ. ஜி2 லென்ஸின் மூன்றாவது மோடும் இதே வழியில் செல்கிறது.

நிக்கானில் சாதாரண மோடும் ஸ்போர்ட் மோடும் உண்டு. 2014-இல் 400 மி.மீ. எஃப்/2.8இ லென்ஸோடு வந்த ஸ்போர்ட் மோடு, அடக்கும் அளவைக் குறைத்துக்கொண்டு, நம் திருப்பத்தோடு வியூஃபைண்டர் காட்சி இயல்பாக நகர விடுகிறது; மேலே சொன்ன நடுநிலைத் தாவலும் தொடர்படங்களில் இல்லை. முழுதாக அடக்குவதற்கும் அடக்காமல் விடுவதற்கும் நடுவே அமைந்த இந்த ஏற்பாடு பறக்கும் பறவைக்கு மிகவும் பொருந்துகிறது. சிக்மாவின் 150–600 மி.மீ. லென்ஸ்களில், லென்ஸைக் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. டாக் வழியாக வியூஃபைண்டர் காட்சி எவ்வளவு இறுக்கமாக நிற்க வேண்டும் என்பதை நாமே மாற்றிப் பதித்துக்கொள்ளலாம். பறவைக்கு மிதமான அளவே ஏற்றது. இறுக்கமான காட்சி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பறவை திரும்பும்போது காட்சி தாமதமாகவே பின்தொடரும்.

இனி, பறவை பறக்கும் விதத்தைப் பார்த்து மோடைத் தேர்வது எளிது. நாரை, கொக்கு, கூழைக்கடா போன்றவை அடிவானத்துக்கு இணையாகச் சீராகச் செல்லும்போது மோடு 2 நன்றாக உதவும். சாய்கோட்டில் மேலேறும் பறவையைத் தொடரும்போது காமிரா இரண்டு அச்சிலும் ஒரே நேரத்தில் திரும்புகிறது. மோடு 2-இல், குறிப்பாகப் பழைய லென்ஸ்களில், இது சிக்கலாகிறது. அங்கே மோடு 3 அல்லது ஸ்போர்ட். வட்டமிடும் பருந்துக்கும் அதுவே. தகைவிலான், வானில் மூன்று திசையிலும் திரும்பித் திரும்பிப் பூச்சி பிடிப்பது. அதற்கு மோடு 3-ஐ முயன்று பார்த்துவிட்டு, காட்சி சிறிதளவேனும் ஒட்டுவதாகத் தோன்றினால் தயங்காமல் அணைத்துவிடலாம். 1/3200 நொடியில் எடுக்கும்போது இழப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தரத்தில் நின்று சிறகடிக்கும் பறவைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கருந்தோள் பருந்தும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் இரையைக் குறிவைக்கும்போது ஒரே இடத்தில் நிற்கும். அப்போது அதன் தலையைக் கூர்ந்து பாருங்கள்: இறக்கைகள் விசிறியடிக்க, வால் விரிந்து மடங்க, கண் மட்டும் வானத்தில் ஆணியடித்தது போல நிற்கிறது. அந்த நேரம் அது அமர்ந்திருக்கும் பறவைக்குச் சமம். மோடு 1 அல்லது சாதாரண மோடு முழுப் பயனையும் தரும். ஆனால் அடுத்த நொடியே அது கீழ்நோக்கிப் பாயும். ஆகவே அது நிற்கும்போது சில படங்கள் எடுத்த கையோடு மோடை மாற்றிவிடுவேன். விசையைப் பார்க்காமல், விரலால் தொட்டே மாற்றப் பழகிக்கொள்வது இதற்குத் தேவை.

முக்காலியும் காமிரா உடலும்

இறுக்கிப் பூட்டிய முக்காலியில் பழைய லென்ஸ்களின் நிலைப்படுத்தியை அணைத்துவிடுங்கள்; அசைவே இல்லாத இடத்தில் அது அசைவைத் தேடிப் படத்தைத் தானே கலக்கும். முக்காலியின் மேல் பொருத்தும் கிம்பல் தலையில் தளர்வாகத் திருப்பிக்கொண்டிருந்தால், கையில் பிடித்திருப்பதாகவே கருதி மோடைத் தேர்ந்தால் போதும். ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாடும் அப்படியே.

மிரர்லெஸ் (பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) காமிராக்கள் பலவற்றில் சென்சாரே நகர்ந்து நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியும் சேர்ந்து வருகிறது. நீண்ட லென்ஸில் அதன் பங்கு குறைவு: ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு நடுக்கத்துக்கு 50 மி.மீ. லென்ஸில் சென்சார் 0.09 மி.மீ. நகர்ந்தால் போதும், 600 மி.மீ. லென்ஸில் 1 மி.மீ. நகர வேண்டும். நீண்ட லென்ஸ்களுக்கு லென்ஸுக்குள்ளேயே நிலைப்படுத்தி தேவைப்படுவது இதனால்தான்.

உங்கள் லென்ஸைச் சோதித்துப் பார்க்கும் முறை

மேலே சொன்னவை எல்லா லென்ஸுக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. அதனால் ஒரு காலைப் பொழுதைச் சோதனைக்கு ஒதுக்குவது பயன் தரும். புறாக்கள் அடிக்கடி கடக்கும் இடமாக, பின்னணியில் மரங்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வானம் பின்னணியாக இருந்தால் படம் கலங்கிய காரணத்தை அறியும் தடயங்கள் கிடைக்கா. 1/2500, 1/1250, 1/640 என்ற மூன்று ஷட்டர் வேகங்களில், நிலைப்படுத்தியை அணைத்தும், சாதாரண மோடிலும், ஸ்போர்ட் அல்லது மோடு 3-இலும் முப்பது முப்பது படங்கள் எடுங்கள். பிறகு கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

படம் கலங்கியிருக்கும் விதத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பறவை தெளிவாக இருந்து, பின்னணி இலைகள் ஒரே திசையில் கோடுகளாக இழுபட்டிருந்தால் திருப்பம் சரி. பறவை இழுபட்டு இலைகள் தெளிவாக இருந்தால் நாம் பறவையைவிட மெதுவாகத் திருப்பியிருக்கிறோம், அல்லது நிலைப்படுத்தி நம்மைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது; அணைத்து எடுத்த படங்களில் இந்தக் குறை இல்லையென்றால் காரணம் நிலைப்படுத்திதான். பக்கவாட்டில் திருப்பியும் பறவையின் கண் மேல்-கீழாக நீண்டு தெரிந்தால் அது கைநடுக்கம். மோடு 2 உதவும். கண் கூர்மையாக இருந்து இறக்கை நுனி மட்டும் கலங்கினால் ஷட்டர் வேகம் போதவில்லை. எந்தத் திசையும் இல்லாமல் எல்லாமே மழுங்கியிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கும், அல்லது தரையிலிருந்து எழும் வெப்ப அலைகள் நடுவில் இருந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின் மேல் தொலைவில் செல்லும் பறவையை எடுத்துவிட்டு நிலைப்படுத்தியைக் குறை சொல்வதில் பொருளில்லை. கூர்மையோடு சேர்த்து, ஒரே தொடரில் பறவை சட்டகத்துக்குள் எவ்வளவு தாவுகிறது என்பதையும் பாருங்கள். பல லென்ஸ்களில் மோடுகளுக்கு இடையே உள்ள பெரிய வேறுபாடு அதில்தான் தெரியும்.

ஒளி குறையும் மாலையில் 1/2000 கிடைக்காது. அப்போது ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளியுணர்வு அளவை) தாங்கும் அளவுக்கு ஏற்றிவிட்டு, அதற்கும் மேல் முடியாதபோது 1/60 அல்லது 1/40 நொடிக்கு இறங்கி, இழுபட்ட பின்னணியில் தலை மட்டும் தெளிவாக நிற்கும் படங்களை முயலலாம். நிலைப்படுத்தி படத்தின் கூர்மைக்கே நேரடியாக உதவுவது இங்கேதான். மோடு 2-ஐப் போட்டு, கூட்டுக்குத் திரும்பும் கொக்குக் கூட்டத்தில் நேர்கோட்டில் செல்லும் ஒன்றைத் தேர்ந்து, அது நமக்கு நேரெதிரே வருவதற்கு நெடுநேரம் முன்பிருந்தே தொடர்ந்து, கடந்து போன பிறகும் திருப்பத்தை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். ஐம்பதில் இரண்டு தேறினால் நல்ல கணக்கு. அந்த இரண்டில் இறக்கைகள் வெண்புகையாகக் கலைந்திருக்க, கண்ணும் அலகும் மட்டும் நிலைத்திருக்கும்.